கிராமம் மாநகராட்சியாகும் விதம்: பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரின் வளர்ச்சி

ஓர் ஊரைக் கிராமம் என்பதும் நகரம் என்பதும் அங்குள்ள வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு நிர்ணயிக்கப்படுவதன்று. மக்கள் என்ன தொழில் செய்து பிழைக்கின்றனர், எவ்வளவு நெருங்கி வாழ்கின்றனர், எந்தச் சட்டத்தின் கீழ் ஆளப்படுகின்றனர் என்னும் மூன்றும் சேர்ந்தே அதனை நிர்ணயிக்கின்றன. இம்மூன்றும் ஒரே காலத்தில் மாறுவதில்லை. தொழில் முதலில் மாறுகிறது. பின்னர் மக்கள் நெருக்கம் மிகுகிறது. சட்டம் இறுதியில் வந்து சேருகிறது. இந்த இடைக்காலத்தில்தான் குடிநீர், சாக்கடை, நிலம், வரி ஆகியவை பற்றிய சிக்கல்கள் பெரும்பாலும் முளைக்கின்றன. மகாராஷ்டிர மாநிலத்தில் புணே நகருக்கு வடமேற்கே உள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் வரலாறு இதனைத் தெளிவாக விளக்குகிறது. ஒரு தலைமுறைக்குள் சிற்றூர்கள் சில இணைந்து பெருநகரமான வரலாறு அது.

நகரம் என்பது யாது?

இந்தியாவில் நகரம் என்னும் சொல் இருவகையில் வழங்குகிறது. மாநில அரசு சட்டப்படி அறிவித்து, நகரசபை அல்லது மாநகராட்சி அமைத்த ஊர் முதல் வகை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இலாகா சில அளவுகளைக் கொண்டு நகரம் என்று கணக்கிடும் ஊர் இரண்டாம் வகை. அந்த அளவுகள் மூன்று: மக்கள்தொகை 5,000-க்குக் குறையாதிருத்தல், உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது வேளாண்மை அல்லாத தொழில் செய்தல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ்தல். இம்மூன்றும் நிறைந்தும் சட்டப்படி கிராமமாகவே நீடிக்கும் ஊர்கள் ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ எனப்படுகின்றன. 2001-ஆம் ஆண்டில் நாடெங்கும் இத்தகைய ஊர்கள் 1,362 இருந்தன. 2011-ஆம் ஆண்டில் அவை 3,890-க்கும் மேலாகப் பெருகின. அதாவது, வாழ்க்கை முறையால் நகரங்களாகிவிட்ட பல்லாயிரம் தெருக்களுக்குக் கிராமப் பஞ்சாயத்தின் வருவாயைக் கொண்டே விளக்கும் நீரும் அளிக்க வேண்டியதாயிற்று.

சட்டத்தின் நிலை வேறு. 1993-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகர ஆட்சியை மூன்று படிகளாக வகுத்தது. கிராம நிலையிலிருந்து நகர நிலைக்கு மாறிவரும் பகுதிக்கு நகரப் பஞ்சாயத்து, சிறு நகரத்திற்கு நகரசபை, பெருநகரத்திற்கு மாநகராட்சி. எந்த ஊர் எந்தப் படியில் நிற்கும் என்பதை மாநில அரசே அறிவிக்கிறது. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளூர் வருவாய், வேளாண்மை அல்லாத தொழிலின் அளவு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றை அரசு கருத்தில் கொள்ள வேண்டும்.

மாநகராட்சி சட்டத்தின் கண்ணில் ஒரு தனி நபருக்கு ஒப்பானது. அதற்குச் சொந்தப் பெயரும் முத்திரையும் உண்டு. அது சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடரலாம். அதன்மீதும் வழக்குத் தொடரலாம். உறுப்பினர்கள் மாறினாலும் அது அழிவதில்லை. கிராமப் பஞ்சாயத்துக்கும் இத்தகைய சட்ட உருவம் உண்டு என்பதை மறத்தலாகாது. ஆதலின் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு வரி விதிக்கும் ஆற்றலிலும், கடன் வாங்கும் தகுதியிலும், கட்டட விதிகளை நிறைவேற்றும் அதிகாரத்திலும், ஊழியர் தொகுதியின் அளவிலுமே காணப்படும்.

பவனா ஆற்றங்கரைக் கிராமங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மாவள் பகுதியில் தோன்றும் பவனா என்னும் சிற்றாறு கிழக்கு நோக்கி ஓடி முளா ஆற்றில் கலக்கிறது. அதன் கரையில் பிம்ப்ரியும் சிஞ்ச்வட்டும் அமைந்திருந்தன. சிஞ்ச்வட், கணபதி பக்தரான மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலால் முன்பே புகழ்பெற்ற ஊர். விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்ற சாபேகர் சகோதரர்களும் அவ்வூரினரே. வடக்கே இந்திராயணி ஆற்றங்கரையில் துக்காராமின் தேஹுவும் ஞானேசுவரரின் ஆளந்தியும் உள்ளன. கோயிலும் வயலுமாக இருந்த இப்பகுதி தொழில் நகரமாகும் என்று அக்காலத்தில் எண்ணியிருப்பவர் சிலரே.

ஆயினும் அதற்குரிய இயற்கை வசதிகள் இருந்தன. புணேயிலிருந்து கண்டாலா வரை 1858-ஆம் ஆண்டில் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1863-இல் போர் கணவாய்ப் பாதை முடிந்தபின் மும்பைத் துறைமுகத்துடன் நேரடித் தொடர்பு ஏற்பட்டது. மும்பை-புணே நெடுஞ்சாலையும் இவ்வூர்களின் வழியே சென்றது. நிலம் பெரும்பாலும் சமதளம். ஆற்றிலே நீர் இருந்தது. மலைச்சரிவில் நீர்மின் நிலையங்கள் இருந்தன. பாதை, நிலம், நீர், மின்சாரம் என்னும் நான்கும் ஓரிடத்தில் கூடினால் அங்கே தொழில் வந்து அமைவது இயல்பு. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் பிம்ப்ரி முகாமில் குடியேறினர். இதனால் வாணிபத்தில் பழகிய மக்கட் பிரிவொன்றும் இவ்வூருக்குக் கிடைத்தது.

பெனிசிலின் தொழிற்சாலை

மாறுதலின் முதற்படி ஒரு விஞ்ஞானத் தொழிலால் நேர்ந்தது. 1954-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் பிம்ப்ரியில் அமைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் இதற்கு உதவின. மறு ஆண்டிலேயே அங்குப் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. அதுவரை இம்மருந்துக்கு இந்தியா பெரிதும் இறக்குமதியையே நம்பியிருந்தது.

பெனிசிலின் ஒருவகைப் பூஞ்சைக் காளானிலிருந்து கிடைப்பது. பெரிய உருக்குத் தொட்டிகளில் சத்து நீரை நிரப்பி, கிருமி நீக்கி, அதில் காளானை வளர்க்கின்றனர். வடிகட்டிய காற்றை இடைவிடாது செலுத்த வேண்டும். நொதித்தலில் எழும் வெப்பத்தைத் தணிக்கக் குளிர்ந்த நீரை ஓட்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றாலும் நீர் குறைந்தாலும் தொட்டியிலுள்ளது முழுவதும் வீணாகக்கூடும். ஆற்றங்கரையையும் மின்வசதியையும் நாடி இத்தொழில் அமைந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

இந்நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தும், பயிர்நோய்களுக்குப் பயன்பட்ட ஆரியோஃபங்கின் என்னும் மருந்தும் வெளிவந்தன. எம்.ஜே. திருமலாச்சார் என்னும் விஞ்ஞானியின் பணி இவற்றிற்கு அடிப்படையாயிற்று. தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு ஆகியவை தொழிற்சாலையைச் சூழ்ந்து எழுந்தன. பிம்ப்ரியின் மக்களில் ஒரு பகுதியினர் மழையை எதிர்பார்ப்பதை விட்டு மாதச் சம்பளத்தை எதிர்பார்க்கத் தொடங்கினர்.

1960-இல் மகாராஷ்டிர மாநிலம் உருவாயிற்று. 1962-இல் அம்மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு, போசரி முதலிய இடங்களில் நிலம் கையகப்படுத்தி, சாலையும் நீரும் அமைத்துத் தொழிற்பேட்டைகளை உருவாக்கியது. ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோவும், பிம்ப்ரியில் அன்று டெல்கோ என வழங்கிய வாகனத் தொழிற்சாலையும் வளர்ந்தன. ஒரு வாகனத்திற்குத் திருகாணி முதல் பல்சக்கரம் வரை ஆயிரக்கணக்கான உறுப்புகள் தேவை. அவற்றைச் செய்து தரும் சிறு பட்டறைகள் பெருந்தொழிற்சாலைகளின் நிழலில் பெருகின. நகரத்தின் மக்கள்தொகையை மிகுவித்தவை பெருந்தொழிற்சாலைகள் மட்டுமல்ல. இச்சிறு பட்டறைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

கிராமங்கள் ஒன்றுசேர்தல்

இவ்வளவு மாறுதலையும் தனித்தனிக் கிராம ஆட்சிகளால் தாங்க இயலவில்லை. ஒரு கிராமத்தின் எல்லையில் தொழிற்சாலை, அடுத்த கிராமத்தில் தொழிலாளர் வீடுகள், மூன்றாவதில் கழிவுநீர் ஓடும் ஓடை என்றிருந்தால் பொறுப்பு யாரைச் சார்வது? எனவே 1970-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஆகியவற்றை இணைத்து ஒரே நகரசபை அமைக்கப்பட்டது. 1972-இல் திட்டமிட்ட குடியிருப்புகளை உருவாக்குவதற்காகப் புதுநகர வளர்ச்சி ஆணையம் ஒன்றும் நிறுவப்பட்டது. அதற்காக உழவர்களின் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நிலம் தந்தவர்க்கு வளர்ச்சியடைந்த மனையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்க வேண்டும் என்னும் கோரிக்கை பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்த ஆணையம் 2021-இல் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் பிரித்தளிக்கப்பட்டன.

1982-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நகரசபை மாநகராட்சியாக உயர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உடனே அமையவில்லை. தொடக்கத்தில் அரசு நியமித்த நிர்வாகியே ஆட்சி நடத்தினார். முதல் பொதுத்தேர்தல் 1986-இல் நடைபெற்றது. 1997-இல் வாகட், ராவேத், மோஷி, சிக்கலி, தளவடே முதலான சுற்றுக் கிராமங்கள் பல சேர்க்கப்பட்டன. தாதவடே 2009-இல் சேர்ந்தது.

மக்கள்தொகையின் வளர்ச்சியைக் கீழ்க்காணும் எண்கள் காட்டும். 1971-இல் ஏறத்தாழ 83 ஆயிரம். 1981-இல் இரண்டு இலட்சத்துக்கு மேல். 1991-இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். 2001-இல் பத்து இலட்சம். 2011-இல் பதினேழு இலட்சத்துக்கு மேல். நாற்பது ஆண்டுகளில் இருபது மடங்கு. இதில் ஒரு பகுதி பிறப்பால் மிகுந்தது. ஒரு பகுதி எல்லை விரிந்ததால் சேர்ந்தது. பெரும்பகுதி வேலை நாடி வந்தவர்களால் ஆயது. எந்த நகரின் எண்ணிக்கையை ஆராய்வோரும் இம்மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். எல்லை மாற்றத்தைக் கவனியாது இரு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும்.

வரியும் வருவாயும்

இம்மாநகராட்சி நெடுங்காலம் செல்வம் மிக்க ஸ்தல ஸ்தாபனங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அதன் காரணம் ஆக்ட்ராய் என்னும் நுழைவுத் தீர்வை. நகர எல்லைக்குள் பயன்படுத்தவோ விற்கவோ கொண்டுவரப்படும் சரக்கின்மீது அத்தீர்வை விதிக்கப்பட்டது. வாகனத் தொழிற்சாலைகளுக்கு உருக்கும் உறுப்புகளும் நாள்தோறும் வந்ததால் வருவாய் பெருகியது. 2013-இல் ஆக்ட்ராய் நீக்கப்பட்டு உள்ளாட்சி வரி என்னும் வேறொரு வரி வந்தது. 2017 ஜூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி அவ்விடத்தைப் பெற்றது. அதன்பின் மாநில அரசு தரும் இழப்பீடும் சொத்து வரியும் முக்கிய வருவாயாயின.

தன் எல்லைச் சாவடியில் தானே வரி தண்டிய நகரம், மாநில அரசின் தவணையை எதிர்பார்க்கும் நகரமாக மாறியது. ஓர் ஊரின் தன்னாட்சி அதன் பணப்பெட்டியைப் பெரிதும் சார்ந்தது. தேர்தலும் அதற்கு இன்றியமையாதது. 128 உறுப்பினர் கொண்டிருந்த மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் உரிய காலத்தில் நடைபெறாமையால் அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஆணையரே நிர்வாகியாக இருந்தார். சட்ட உருவம் அழியாது நின்றது. ஆனால் வார்டு மக்கள் தம் குறைகளைக் கூறத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அக்காலத்தில் இருக்கவில்லை.

தண்ணீர்க் கணக்கு

நகரத்தின் உண்மையான எல்லை வரைபடத்தில் உள்ள கோடு அன்று. அதன் நீர் எங்கிருந்து வருகிறதோ அதுவரை நகரம் நீள்கிறது எனலாம். சாக்கடை அமைந்த நகரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது நம் நாட்டின் அளவு. 5,000 பேர் வாழும் கிராமத்திற்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 2 இலட்சத்து 75 ஆயிரம் லிட்டர் போதும். 17 இலட்சம் பேர் வாழும் நகரத்திற்கோ 135 லிட்டர் வீதம் ஏறத்தாழ 23 கோடி லிட்டர் வேண்டும். இது வீட்டுத் தேவை மட்டுமே. இதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்புகிறது. அதாவது நாள்தோறும் 18 கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். சுத்திகரியாது ஆற்றில் விட்டால், நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கழிவின் நுண்ணுயிர்கள் உண்டுவிடும், மீன்கள் மடியும், கீழேயுள்ள ஊர்களுக்கு அந்நீர் உதவாது. கோடைக்காலத்தில் மெலிந்தோடும் பவனா போன்ற சிற்றாற்றுக்கு இச்சுமை மிகப் பெரிது.

மாநகராட்சிக்கு வேண்டிய நீர் மாவள் பகுதியிலுள்ள பவனா அணையிலிருந்து ஆற்றின் வழியே விடப்பட்டு, ராவேத் தடுப்பணையில் இறைக்கப்பட்டு வந்தது. அணையிலிருந்து மூடிய குழாயில் நீரைக் கொணர்ந்தால் ஆவியாதலும் அசுத்தமும் குறையும் என்று கருதி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்த்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. பொறியியல் நோக்கில் இது நியாயமே. ஆனால் ஆற்றில் ஓடும் நீரை இருகரையிலும் இறைத்துப் பயிரிட்ட மாவள் உழவர்கள், குழாய் வந்தால் ஆறு வறண்டுவிடும் என்று அஞ்சினர். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் மும்பை-புணே விரைவுச்சாலையில் அவர்கள் கிளர்ச்சி செய்தபோது போலீசார் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். திட்டம் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. 2019-இன் இறுதியில் மாநகராட்சி ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்கும் முறையைத் தொடங்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் இருதரப்பினரும் கேட்டது தண்ணீரே. நகரத்தார் குடிக்கக் கேட்டனர். கிராமத்தார் பயிருக்குக் கேட்டனர். எவ்வளவு நீர் குழாயில் செல்லும், எவ்வளவு ஆற்றில் ஓடும், பற்றாக்குறைக் காலத்தில் யாருக்கு முதலிடம் என்பவற்றை மக்கள் நம்பும் வகையில் முன்கூட்டியே உடன்பட்டு எழுதிவைத்தல் குழாய் புதைப்பதற்கு முந்திய வேலை. அவ்வுடன்பாடின்றி மண்ணில் இட்ட குழாய்கள் நீரின்றிக் கிடந்தன.

பெறுவதும் இழப்பதும்

கிராமம் நகரத்துடன் சேரும்போது பெறுவன பல. அகலமான சாலை, தெருவிளக்கு, மூடிய சாக்கடை, தீயணைப்பு நிலையம், பெரிய மருத்துவமனை, ஒழுங்கான கட்டட அனுமதி ஆகியவை நாளடைவில் வருகின்றன. நிலத்தின் விலை உயர்கிறது. இழப்பவையும் உள. ஊரார் அனைவரும் கூடிக் கேள்வி கேட்கும் கிராம சபை அதன்பின் இராது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் உரிமை நகர எல்லைக்குள் செல்லாது. பஞ்சாயத்தின் சொத்துகள் மாநகராட்சியைச் சேர்கின்றன. வரி முதலில் உயர்ந்து, வசதி பின்னால் வருமாயின் மக்கள் மனம் கசப்பது இயல்பு.

மேலும், எல்லை மாறும் காலத்தில் அனுமதியின்றிக் கட்டடங்கள் விரைந்து எழுகின்றன. உழவர் தம் நிலத்தைச் சிறு துண்டுகளாக விற்கின்றனர். வாங்குவோர் திட்டம் வருமுன் வீடு கட்டுகின்றனர். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலும் இவ்வாறு எழுந்த வீடுகள் பெருஞ்சிக்கலாயின. 2015 இறுதிக்குள் கட்டப்பட்டவற்றை நிபந்தனைகளுடன் ஒழுங்குபடுத்த 2017-இல் மாநில அரசு சட்டம் திருத்த வேண்டியதாயிற்று. வரைபடம் முன்னே செல்லாத இடத்தில் செங்கல் முன்னே சென்றுவிடுகிறது.

தொழில்களும் நிலைத்தவை அல்ல. நகரத்தின் வித்தாக அமைந்த மருந்துத் தொழிற்சாலை பிற்காலத்தில் நலிவுற்றது. 2016 டிசம்பரில் அதன் உபரி நிலத்தை விற்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. தொழிற்சாலை தளர்ந்தபோதும் அதனைச் சூழ்ந்து வளர்ந்த நகரம் தளரவில்லை. ஒரே தொழிலை நம்பாது பல தொழில்களைப் பெற்றிருந்தமையே அதற்குக் காரணம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

நகரத்தை அடுத்துள்ள எந்தக் கிராமத்திலும் இம்மாறுதலின் அறிகுறிகளை முன்னரே காணலாம். பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்னும் பத்தியைப் பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிட்டால், உழவு எவ்வளவு குறைந்தது என்பது விளங்கும். கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுதோறும் மே மாதத்திலும் மழைக்குப் பின்னும் அளந்து குறித்துவைத்தால், நகரத்தின் தாகம் ஊருக்குள் எப்போது நுழைந்தது என்பது தெரியும். இவை மாணவர்களைக் கொண்டே செய்யத்தக்க எளிய பயிற்சிகள்.

களப்பணியாளர்கள் கவனிக்க வேண்டியவை வேறு சில. ஊர்க் குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, களம், ஓடை ஆகியவற்றின் அளவை எண்களும் எல்லைகளும் பஞ்சாயத்து நடக்கும்போதே தெளிவாகப் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத பொது நிலத்தைப் பின்னர் மீட்பது கடினம். எல்லை விரிவு பற்றி அரசு முதல் அறிவிப்பு வெளியிடும்போது ஆட்சேபணை கூற மக்களுக்குக் குறிப்பிட்ட காலம் அளிக்கப்படும். அந்த அறிவிப்பைக் கிராம சபையில் படித்துக் காட்டி, வரி எவ்வளவு, எந்த ஆண்டு முதல், எந்த வசதி எப்போது என்னும் கேள்விகளை எழுத்தில் அனுப்பச் செய்வது பெரும் பயன் தரும். காலம் கடந்தபின் எழும் முறையீட்டுக்கு அத்தகைய வலிமை இராது.

சட்டப்படி ஒரு கிராமம் மாநகராட்சியின் பகுதியாவதற்கு ஓர் அறிவிப்பு போதும். ஆனால் நீர்ப்பங்கு, கழிவுநீர்ப் போக்கு, பொது நிலத்தின் பதிவு, வரியின் அளவு ஆகிய நான்கும் அந்த அறிவிப்புக்கு முன்னரே தீர்மானிக்கப்படுமானால், மாவள் உழவர் அடைந்த துயரம் மற்றோர் ஊருக்கு நேராமல் காக்கலாம்.